முகூர்த்தப் புடவைக்கு ஒரு மறுப்பு அறிக்கை

கம்பெனிகளின் மானம் போகும்போது ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்துவது என் வேலை. இப்படிச் சொன்னால்தான் அப்பாவுக்குப் புரிகிறது. விசிட்டிங் கார்டில் உள்ளபடி 'நெருக்கடிக்காலத் தகவல் தொடர்பு' என்று சொன்னால், காஞ்சிபுரம் பக்கத்துத் தாமலில் எங்கள் தெருவே நான் ஏதோ ஆம்புலன்ஸ் கம்பெனியில் இருப்பதாக நினைக்கிறது. ஹோட்டல் சாம்பாரில் பல்லி, நகைக்கடை ஊழியர் வாடிக்கையாளரைத் திட்டிய வீடியோ, பள்ளி வேன் சாய்ந்த செய்தி, இப்படி ஏதாவது வெடித்தால் எங்களுக்கு போன் வரும். சென்னையில் ஒரு மாடி, நாலு லேப்டாப், நாலு பேர். என்ன சொல்லணும், எப்போது சொல்லணும், எதைச் சொல்லவே கூடாது என்று எழுதிக் கொடுப்போம். ஊருக்கே மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவதில் வேகம். அது எனக்குப் பெருமை. ஏனாத்தூரில் விஸ்காம் படிக்கும்போதே அசைன்மென்ட்டை பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் அடித்து முடித்துவிடுவேன். இந்தக் கதையில் நடந்த தப்பும் அந்த வேகத்தில் நடந்ததுதான்.

ஒரு காலையில் என் பாஸ் ஒரு வீடியோவை அனுப்பினார். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடை வாசல். நடுத்தர வயது அம்மா ஒருவர் கேமராவைப் பார்த்துக் கத்துகிறார். மகளுக்கு முகூர்த்தப் புடவை சொல்லி வைத்து மாதக்கணக்காகிறதாம். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறதாம். கேட்டால் ஒரு தடவை நூல் வரவில்லை, ஒரு தடவை மழை, ஒரு தடவை கரண்ட் இல்லை என்கிறார்களாம். "கைத்தறிக்கு எதுக்குடா கரண்ட்டு?" என்று அந்த அம்மா கேட்ட இடத்தில் நானே சிரித்துவிட்டேன். ஊரே சிரித்திருந்தது. வீடியோ பறந்துகொண்டிருந்தது.

"உங்க ஊர்தானே, நீயே ஹேண்டில் பண்ணு" என்றார் பாஸ். "ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்டேட்மென்ட் வெளிய வரணும். பொய் வேணாம். ஒரு மனுஷ முகம் வேணும். சங்கம்னா யாருக்கும் பாவமா இருக்காது, மனுஷன்னா இருக்கும்."

சங்கத்துச் செயலாளருக்கு போன் போட்டேன். முப்பது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர், நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அவரும் என்னிடம் நூலில் ஆரம்பித்தார்.

"சார், டாக்டர்கிட்டயும் எங்ககிட்டயும் உண்மையச் சொல்லிடணும்" என்றேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். அந்தப் புடவையை நெய்துகொண்டிருந்தவர் முக்கால்வாசி முடித்த நிலையில் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் யாரும் தறியில் கை வைக்கவில்லை. அப்புறம் அவர் மனைவியே உட்கார்ந்து மிச்சத்தை நெய்து, நேற்றுதான் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இத ஏன் சார் அவங்ககிட்ட முதல்லயே சொல்லல? சொல்லியிருந்தா வீடியோவே வந்திருக்காதே!"

"இன்னாமா பேசற? கல்யாண வூட்டுக்கு போன் போட்டு யாராச்சும் சாவு சேதி சொல்வாங்களா?"

அதை நான் கேட்டேன். காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஸ்டேட்மென்ட்டின் முதல் வரி ஓட ஆரம்பித்திருந்தது. கணவர் விட்ட இடத்தில் மனைவி உட்காருகிறாள். இதைவிட நல்ல மனுஷ முகம் எங்கே கிடைக்கும்? இருபது நிமிஷத்தில் அடித்து முடித்தேன். 'அவருடைய கைகள் ஓய்ந்த இடத்தில் அவர் மனைவியின் கைகள் தொடங்கின. துயரத்தின் நடுவிலும் ஒரு மணப்பெண்ணுக்காக அவர் நெய்தார். தாமதத்துக்கு மன்னியுங்கள்.' செயலாளர் "சரியா வருமாமா இது?" என்று இழுத்தார். "நம்புங்க சார்" என்றேன். தலைவரிடம் ஓகே வாங்கி, சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோம்.

மத்தியானத்துக்குள் கமென்ட் பகுதி முழுக்கக் கண்ணீர் எமோஜி. "கண்கலங்க வைத்துவிட்டீர்கள்" என்று யார் யாரோ எழுதினார்கள். பாஸ் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை செயலாளர் கூப்பிட்டார். "முடிஞ்சிதுமா. புடவை வேணாம்னுட்டாங்க."

வீடியோ போட்ட அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். முந்தின நாள் அத்தனை கத்தியவர் இப்போது மெதுவாகப் பேசினார். "எனக்கு நெய்ஞ்ச அந்தப் பொண்ணு மேல கோவமே இல்லமா. பாவம், நல்லா இருக்கட்டும். ஆனா எந்தக் கையி நெய்ஞ்சதுன்னு தெரிஞ்சப்புறம் எப்பிடிம்மா எம் பொண்ணுக்குக் கட்டுவேன்? எங்க அக்கா முப்பது வயசுல தாலி அறுத்தவ. எனக்குப் பயமா இருக்குதுமா. தெரியாம இருந்திருந்தா கட்டியிருப்பேன். நீங்க ஏன் சொன்னீங்க?"

நெருக்கடி நேரத்தில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எங்களிடம் ஒரு ஃபைலே இருக்கிறது. இந்தக் கேள்வி அதில் இல்லை.

ஊர் கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த வாரம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் கவுன்டரில் நிறத்தையும் பார்க்கவில்லை, ஜரிகையையும் தேய்த்துப் பார்க்கவில்லை. முதல் கேள்வியே "இது யாரு நெய்ஞ்சது?" என்பதுதான். சொல்லி வைத்திருந்தவர்களில் சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஒரு பெண் வீட்டார், நெய்தவரின் மனைவி உயிரோடு இருக்கிறாரா, புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று ஜாதகம் பார்ப்பதுபோல விசாரித்தார்களாம்.

தாமலில் பிறந்து வளர்ந்தவள் நான். சித்தப்பா பெண் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைத் தூக்க வந்த, புருஷனை இழந்த அத்தையை யார் எப்படி நகர்த்தினார்கள் என்று கண்ணால் பார்த்தவள். எனக்கு இது தெரியாததில்லை. பஸ் பிடித்துச் சென்னைக்கு வந்ததும், உலகத்துக்கே இது மறந்துபோனதாக நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். ஒரு மறுப்பு அறிக்கை. 'முந்தைய தகவல் தவறானது. அந்தப் புடவையை வேறொரு நெசவாளர் நெய்து முடித்தார். பிழைக்கு வருந்துகிறோம்.' மூன்று வரி. பொய் வேண்டாம் என்பது எங்கள் விதி. ஆனால் முதலில் குழப்பியது நான் என்பதால் பாஸே கொஞ்சம் தடுமாறினார். "நெய்த அந்தம்மா ஓகே சொன்னா பார்க்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்லல்ல?" என்றார். செயலாளரும் அதையே சொன்னார். "நீயும் பொம்பளப் புள்ள. நீயே போய்ப் பேசிட்டு வா."

அதனால் மறுநாள் காலை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெய்தவர் வீட்டு வாசலில், பையில் மறுப்பு அறிக்கையோடு நின்றேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்த வீட்டில் மட்டும் இல்லை.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. தறிக்குழிப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தறி மொட்டையாக இருந்தது. ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு நூலில், மூன்று புடவை வரும். அந்தக் கல்யாணப் புடவைதான் மூன்றாவது. அடுத்த பாவைச் சங்கம் கொடுத்தால்தான் தறி ஓடும்.

நான் யாரென்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ. நீதானா அது."

"சாரிக்கா."

"உக்காரு. இன்னா அழகா எழுதிக்கீற! 'கைகள் ஓய்ந்த இடத்தில்'. எங்க நாத்தனா படிச்சிக் காட்டிட்டு ஓன்னு அழுவுறா. எனக்கு அழுவ வரல. அந்த ஆளு தறில ஓயல, மெடிக்கல் வாசல்ல பைக் மேல உக்காந்துக்கினே போனாரு. நீ எங்க பார்த்த?"

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"பொய்யின்னு சொல்லல. புருஷன் செத்தது நெஜம், நான் நெய்ஞ்சது நெஜம். ஆனா என்னண்ட ஒரு வார்த்த கேட்டியா? ஒரு போன்? செகரெட்டரி கிட்ட என் நம்பர் இருக்குதே. தாலி அறுத்தத தெருவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். நீ அமெரிக்காவுக்கே சொல்லிட்ட."

நான் எழுதிய எல்லா மன்னிப்புகளிலும் 'புண்பட்டிருந்தால்' என்று ஒரு வார்த்தை இருக்கும். புண்பட்டவர் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது அந்த வார்த்தைக்கு வேலை இல்லை. "தப்புதான்க்கா. கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு, வந்த வேலை வந்த வேலைதானே, மறுப்பு அறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டினேன்.

வெங்காயம் உரித்த கத்தி நின்றது.

"வேற ஆளு நெய்ஞ்சாங்கன்னு போட்டா, அப்ப நான் இன்னாமா பண்ணேன்?"

"உங்க பேரு வெளிய வராதுக்கா. பிரச்சினை அடங்கிடும்..."

"அடங்கும். அப்புறம் எனக்கு பாவு எதுக்குத் தருவாங்க? நான்தான் நெய்யவே இல்லியே!"

அவர் சொல்லச் சொல்ல அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. சங்கத்தின் உறுப்பினர் பாஸ்புக் இன்னும் அவர் கணவர் பெயரில்தான் இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார். அதற்கு அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் புடவை. பதினெட்டு வருஷம் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைப் பக்கத்தில் ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுத்தவர் அவர். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைக்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் உடலை நெய்வார், இன்னொருவர் கரையைச் சேர்ப்பார். சேர்ப்பவருக்குக் கணக்கிலும் பெயர் கிடையாது, புத்தகத்திலும் கிடையாது. இந்தப் புடவையில்தான் முதல்முறையாக அவர் நடு இடத்தில் உட்கார்ந்தார். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பக்கத்து வூட்ல கூப்புடறாங்க, வந்து கரை தள்ளிக் குடுன்னு. போலாம். ஆனா எந் தறி இங்க சும்மா கெடக்கும். எந் தறில நான் உக்காரணும்மா. அவ்ளோதான்" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "இன்னொண்ணு தெரியுமா உனக்கு? இந்தத் தெருவுலயே நாலு தறி செத்தவன் பேர்லதான் ஓடுது. ஓட்டறது எல்லாம் பொண்டாட்டிங்க. அவங்க நெய்ஞ்ச புடவையைக் கட்டிக்கினு எத்தினி பேரு புள்ள பெத்துக்கினு நல்லா இருக்கறாங்க. யாரும் கேக்கல, யாரும் சொல்லல. நீதான் வந்து மைக் வெச்ச."

அறிக்கையை மடித்துப் பையில் வைத்தேன். "நாளைக்கு போர்டு மீட்டிங் இருக்குது. நீங்க வரீங்களாக்கா?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் இது மகா பாவம். பாதிக்கப்பட்ட ஆளை நிர்வாகத்தின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. பாஸுக்குத் தெரிந்தால் வேலை போகும். ஆனால் அவரிடம் கேட்காமல் ஒரு தடவை எழுதியாயிற்று. இன்னொரு தடவை அது நடக்கக் கூடாது.

மீட்டிங் காலை பதினோரு மணிக்கு. கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, நீளமான மேஜை, ஆளுக்கொரு டீ. தலைவர், செயலாளர், இயக்குநர்கள் அஞ்சு பேர். எல்லோரும் நெசவுக் குடும்பம்தான். நான் முதலில் தொழில் பேசினேன். மறுப்பு அறிக்கை மாட்டிக்கொள்ளும். புடவையோடு வந்த சீட்டில் உறுப்பினர் எண் இருக்கிறது, புடவையைப் பார்க்க வந்தபோதே அதைக் கல்யாண வீட்டார் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் என்றால் யார், எந்தத் தறி என்று அடுத்த கேள்வி வரும். முதல் தப்பை ஜனங்கள் மன்னிப்பார்கள். ரெண்டாவதாகச் சொல்கிற பொய்யை மன்னிக்க மாட்டார்கள்.

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?" என்றார் தலைவர். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது. நான் தப்பா நெனைக்கல. வாங்கறவன் நெனைக்கிறான். ஒரு தறிக்காக மத்த தறியெல்லாம் சும்மா கெடக்கணுமா? அவங்க வூட்ல அடுப்பு எரிய வேணாமா?"

அது நியாயமான கேள்வி. வில்லன் என்று யாரையும் காட்ட முடியாத அறை அது.

அப்போதுதான் அந்த அக்கா படியேறி வந்தார். கையில் கணவரின் பாஸ்புக். எல்லோரும் நாற்காலியில் நெளிந்தார்கள். செயலாளர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் தலைவரே. பாவு எப்பத் தருவீங்க?"

"பார்க்கலாம்மா. கொஞ்ச நாள் போகட்டும்."

"தரமாட்டேன்னா தரமாட்டேன்னு சொல்லுங்க. புருஷன் இல்லாதவ கல்யாணப் புடவை நெய்யக் கூடாதுன்னா, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நான் யாருக்கும் காட்டமாட்டேன். வூட்ல மாட்டி வெச்சிக்கறேன்."

"யாரும்மா அப்பிடிச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அதான் எழுத்துல கேக்கறேன்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "எழுதும்மா. நீதான் ஃபாஸ்ட்டா எழுதறவளாச்சே."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அடித்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எதை வெளியிட்டாலும் முதலில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்போம். காகிதத்தில் சரியாகத் தெரிவதன் யோக்கியதை காதில் விழும்போதுதான் தெரியும். அதே மாதிரி எழுந்து நின்று படித்தேன்.

"'கணவரை இழந்த பெண்கள் முகூர்த்தப் புடவை நெய்யத் தகுதியற்றவர்கள் எனச் சங்கம் தீர்மானிக்கிறது. இனி அவர்களுக்குப் பாவு வழங்கப்பட மாட்டாது. இப்படிக்கு, தலைவர் மற்றும் இயக்குநர்கள்.'"

ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசி நாற்காலியில் இருந்த பெரியவர்தான் வாயைத் திறந்தார். "அப்பிடின்னா எங்க அண்ணி தறிய இன்னிக்கே நிறுத்தணும். அண்ணன் போயி ஆறு வருஷமாச்சி."

"எங்க தெருவுல மூணு இருக்குது" என்றார் இன்னொருவர், யாரையும் பார்க்காமல்.

செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "ரிஜிஸ்டர எடுக்கட்டுமா தலைவரே? எடுத்தா நெறைய வரும்."

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அழிமா. அத அழி மொதல்ல."

"அழிக்காத" என்றார் அக்கா. "கையெழுத்துப் போடட்டும், இல்ல பாவு குடுக்கட்டும். ரெண்டுல ஒண்ணு நடந்தப்புறம் அழி."

தலைவர் பேனாவைத் திறந்தார். பிறகு செயலாளரிடம் கையை நீட்டினார். "அந்த மெம்பர் ஃபாரத்தைக் குடுய்யா" என்றவர் அக்கா பக்கம் திரும்பி, "உன் புருஷனும் இப்பிடித்தாம்மா, ஒத்தக் கால்ல நிப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் அழித்தேன். மறுப்பு அறிக்கையையும் சேர்த்து.

புது அறிக்கையை அந்த மேஜையிலேயே எழுதினேன். இந்தத் தடவை முதலில் அக்காவிடம் படித்துக் காட்டினேன். 'துயரத்தின் நடுவில்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத எடு. பதினாறு நாளு நல்லா அழுதேன். அப்புறம் உக்காந்து, கோர்வை பிசகாம நெய்ஞ்சேன். அதப் போடு."

அதைத்தான் போட்டேன். தாமதத்தைச் சொல்லாமல் மறைத்தது எங்கள் தவறு. ஒருவரின் சொந்தத் துக்கத்தை அவரைக் கேட்காமல் வெளியிட்டதும் எங்கள் தவறு, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அந்தப் புடவையை நெய்தவர் எங்கள் உறுப்பினர், கோர்வையில் ஒரு பிசகும் இல்லை. அவ்வளவுதான் அறிக்கை. கண்ணீர் எமோஜி ஒன்றுகூட வரவில்லை. போன ஆர்டரில் சிலது திரும்பி வந்தது, சிலது வரவில்லை. பாஸ் என்னை ஒரு மணி நேரம் திட்டினார். அந்தத் தீர்மானம் என் லேப்டாப்பிலிருந்து லீக் ஆகியிருந்தால் சங்கம் எங்கே, நாங்கள் எங்கே என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதான். பிரியாணி கிடையாது.

இதை எழுதுவதற்கும் அக்காவைக் கேட்டேன். "பேரு போடாத. யாரு பேரும் போடாத. பாவம் அந்தத் தலைவரு" என்றார். போடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் பஸ்ஸில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இன்னா பட்டு குடுத்துக்கீறாங்கன்ற? இழை அறுந்துக்கினே இருக்குது. காலைலேந்து முடிச்சிப் போட்டே வெரலு போச்சி. போன பாவு இப்பிடியா இருந்துச்சி?" பின்னால் நாத்தனாரின் சிரிப்பும் நாடா ஓடும் சத்தமும் கேட்டது.

"சங்கத்துக்கு நான் ஏதாவது எழுதித் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் எழுத வேணா. நானே போய்க் கத்தறேன். நான் மெம்பருமா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.